கொடுப்போர் மனமும் கொள்வோர் தேவையும்

(திருவேட்டக்குடியில் அறநிலையப் பொறுப்பாளர்கள் கூடிய அவையில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



மதுரைக்கு அருகே மாங்குளம் என்னும் ஊரின் மலைக்குகைகளில் தமிழ் பிராமி எழுத்தில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. கி.மு. இரண்டாம் நூற்றாண்டினவாக அறிஞர் ஐராவதம் மகாதேவன் கணித்த அவை, சமண முனிவர்களுக்குக் கற்படுக்கைகள் அமைத்துக் கொடுத்த செய்தியைச் சொல்கின்றன. பாண்டியன் நெடுஞ்செழியனின் அலுவலர் செய்வித்த கொடை அவற்றுள் ஒன்று. வெள்ளறை என்னும் ஊரின் நிகமத்தார் செய்த கொடை மற்றொன்று. நிகமம் என்பது வணிகர் குழு. இக்காலச் சொல்லில் கூறுவதானால், பதிவு பெற்ற ஒரு வணிக நிறுவனம். தனி மனிதர் ஒருவரின் கொடையாக அன்றி, ஒரு நிறுவனத்தின் கொடையாகவே அது கல்லில் ஏறியிருக்கிறது. அழகர்மலைக் குகையிலோ உப்பு வணிகன், கொழு வணிகன், பாகு வணிகன், அறுவை வணிகன், பொற்கொல்லன் எனத் தொழில் அடையாளத்தோடு பெயர்கள் நிரையாக வருகின்றன. அறுவை என்றால் துணி. கொழு என்றால் ஏர்முனை இரும்பு. ஒரு கடைவீதியே சேர்ந்து ஓர் அறத்தைச் செய்து முடித்தது போன்ற காட்சி அது.

இக்கல்வெட்டுகளைப் பெருமைக்காக மட்டும் நினைவுகூர்வது போதாது. அவற்றுள் ஒரு நிர்வாகப் பாடமும் அடங்கியுள்ளது. துறவிக்கு வேண்டியது என்ன என்று கேட்டறிந்தே அக்கொடை செய்யப்பட்டிருக்கிறது. நோன்பிருக்கும் முனிவர்க்கு மாளிகையும் மெத்தையும் பொருந்தா. சமன்படுத்திய கல்லும், மழைநீர் உள்ளே வழியாதபடி குகையின் நெற்றியில் வெட்டிய காடியும் போதும். அதை மட்டுமே செய்து, செய்தவர் பெயரையும் தொழிலையும் பெறுபவர் பெயரையும் பொறித்து வைத்தனர். கொடுத்தவர் யார், பெற்றவர் யார், கொடுக்கப்பட்டது என்ன என்னும் மூன்றும் ஒரே வரியில் அடங்கிய கணக்கு அது. இருபத்தொரு நூற்றாண்டுகளுக்குப் பின் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி வழங்கும் அதிகாரிகள் கேட்பதும் இந்த மூன்றைத்தான்.

இந்தக் கடற்கரையில் இவ்வொழுங்கு தவறிப்போன நாள்களையும் சொல்லாமல் இருக்க இயலாது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலையில் எழுந்த ஆழிப்பேரலை புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் ஏறத்தாழ 600 உயிர்களைக் கொண்டு சென்றது. அவர்களுள் பெரும்பாலோர் காரைக்கால் கரையோரத்தினர். பக்கத்து நாகப்பட்டினம் மாவட்டத்தில் இறந்தோர் 6,000-க்கு மேல். அதன்பின் இக்கரைக்கு வந்த உதவியின் அளவை முன்னொருபோதும் இவ்வட்டாரம் கண்டதில்லை. நிறுவனங்களும், அயல்நாட்டு அமைப்புகளும், பள்ளிப் பிள்ளைகளும் கொடுத்தனர். கொடையின் மனத்தூய்மையில் எவருக்கும் ஐயமில்லை. ஆயினும் லாரி லாரியாக வந்த பழந்துணிகள் சாலையோரங்களில் குவிந்து மழையில் நனைந்து கிடந்ததைக் கண்டவர்கள் இந்த அவையிலேயே இருப்பர். வீடிழந்த மீனவப் பெண், பிறர் உடுத்துக் கழித்த துணியை உடுத்த மறுத்தாள். அது செருக்கன்று, தன்மானம். கம்பளி ஆடைகளும் வந்திருந்தன; இவ்வூர் வெயிலை அறிந்தவர் எவரும் அவற்றை அனுப்பியிருக்கமாட்டார். அந்தத் துணிகளுள் ஒரு பகுதியைக் கூஞ்ச் என்னும் தொண்டு நிறுவனம் பிற்பாடு எடுத்துத் தரம்பிரித்துப் பயன்படு பொருளாக்கியது. அந்நிறுவனத்தை நிறுவிய அன்ஷு குப்தாவுக்கு 2015இல் மகசேசே விருது கிடைத்தது. வீணாகக் கிடந்ததைப் பொருளாக்கியதற்கு விருது கிடைக்கும் நாட்டில், அது வீணாகாமல் அனுப்பியிருக்கலாமே என்ற கேள்வியும் எழத்தானே செய்யும்!

படகுகளின் கதை இன்னும் ஆழமானது. கண்ணாடியிழைப் படகு ஒன்று கொடுப்பது கொடையாளர் கண்ணுக்குத் தெரியும் செயல். அதன் பக்கவாட்டில் நிறுவனத்தின் பெயரை எழுதலாம். கரையில் நிறுத்திப் படம் எடுக்கலாம். ஆண்டறிக்கையின் அட்டையில் போடலாம். வலை பின்னும் பெண்ணுக்கும், தலையில் கூடை சுமந்து மீன் விற்கும் பெண்ணுக்கும், கருவாடு காயவைக்கும் முதியவளுக்கும் உதவுவது அத்தகைய படமாக அமையாது. விளைவு, பல ஊர்களில் அலைக்கு முன் இருந்ததைவிடக் கூடுதல் எண்ணிக்கையில் படகுகள் வந்து சேர்ந்தன. கட்டுமரம் இழந்தவருக்கும் ஃபைபர் படகே கொடுக்கப்பட்டது. ஆள் பற்றாமல் கரையிலேயே நின்ற படகுகள் உண்டு. மீன்வளமோ அதே கடலில் அதே அளவுதான். நாகப்பட்டினத்தில் 2005 சனவரியில் தொண்டு நிறுவனங்கள் கூடி ஒருங்கிணைப்பு மையம் ஒன்றை ஏற்படுத்திய பின்னரே, எந்த ஊருக்கு எது வேண்டும் என்ற பட்டியல் ஒழுங்காக உருவாயிற்று. கொடையாளரின் விருப்பத்தை மட்டும் நோக்கித் திரட்டப்படும் நிதி, எவ்வளவு பெரிதாயினும், கரையில் நிற்கும் படகாகிவிடும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இனி இன்றைய நிலைக்கு வருவோம். 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர இலாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஒன்றைத் தொட்ட நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2022-23ஆம் ஆண்டில் இவ்வகையில் நாடு முழுவதும் செலவான தொகை ஏறத்தாழ 30,000 கோடி ரூபாய். நிறுவனம் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவேண்டும் என்றும் அச்சட்டம் சொல்கிறது. அது கட்டாயமன்று, வழிகாட்டுதலே என்று அரசு பின்னர் விளக்கியது; எனினும் பெரும்பாலான நிறுவனங்கள் அதனை மதித்தே நடக்கின்றன.

காரைக்கால் வட்டாரத்தில் இப்படிப்பட்ட நிறுவனங்கள் இல்லையா? எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகத்தின் காவிரிப் படுகைத் தலைமையகம் காரைக்காலில்தான் உள்ளது. கீழவாஞ்சூரில் 2009 முதல் இயங்கும் தனியார் துறைமுகம் 2023இல் அதானி துறைமுக நிறுவனத்திடம் வந்தது. திருமலைராயன்பட்டினத்தில் எரிவாயு மின்நிலையம் உண்டு. திருவேட்டக்குடியிலேயே தேசியத் தொழில்நுட்பக் கழகம் உள்ளது. அதிலிருந்து வெளியேறும் இளைஞர்கள் நாட்டின் பெரிய நிறுவனங்களில் பணிபுரிகின்றனர். பணியாளர்கள் விரும்பிக் கேட்கும் பணிக்கு நிறுவனம் செவிசாய்ப்பது எங்கும் உள்ள வழக்கம். ஆகவே வாயில்கள் அடைபட்டிருக்கவில்லை. தட்டுவோர்தாம் குறைவு.

இங்கே இவ்வூருக்கே உரிய ஓர் இடர்ப்பாட்டையும் கூறவேண்டும். காரைக்கால் நிலத்தால் நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களுக்கு நடுவில் கிடக்கிறது. ஆட்சியால் புதுச்சேரிக்கு உட்பட்டது. சென்னையில் அமர்ந்து திட்டமிடும் ஓர் அதிகாரி 'தமிழ்நாடு' என்று தலைப்பிட்டுப் பட்டியல் எழுதும்போது காரைக்கால் அதில் வாராது. 'புதுச்சேரி' என்று எழுதும்போதோ, 130 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள நகரமே அவர் மனத்தில் எழும். இரண்டு பட்டியலிலும் விடுபடக்கூடிய ஊர், தன்னைத் தானே வரைபடத்தில் சுட்டிக்காட்டினால் அன்றி எவர் கண்ணிலும் படாது. விண்ணப்பத்தின் முதல் பத்தியிலேயே, துறைமுகத்திலிருந்தோ எண்ணெய்க் கிணற்றிலிருந்தோ பயனாளிகளின் ஊர் எத்தனை கிலோமீட்டர் என்று எழுதுவது சிறு செயல்தான். ஆனால் அந்த ஒரு வரி பல பக்கங்களின் வேலையைச் செய்யும்.

சட்டத்தின் நுணுக்கங்கள் சிலவற்றை அறநிலையங்கள் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். நிறுவன நிதியைப் பெற்றுப் பணி செய்யும் அமைப்பு 12ஏ, 80ஜி பதிவுகளைப் பெற்றிருக்க வேண்டும். 2021 ஏப்ரல் முதல் சி.எஸ்.ஆர்.-1 என்னும் படிவத்தின் வழியே நிறுவன விவகார அமைச்சகத்திலும் பதிந்திருக்க வேண்டும். தனித்து இயங்கும் அமைப்பாயின் மூன்றாண்டு பணி அனுபவமும் காட்ட வேண்டும். பணிக்குத் தகுதி இருந்தும் இத்தாள்கள் இல்லாமையால் திருப்பி அனுப்பப்படும் அமைப்புகளே மிகுதி. பதிவுக்கு ஆகும் செலவு பெரிதன்று. ஒரு நல்ல பட்டயக் கணக்கரும் சில வாரங்களும் போதும்.

எந்தப் பணிகளுக்கு நிதி கிடைக்கும் என்பதைச் சட்டத்தின் ஏழாம் அட்டவணை வரையறுக்கிறது. பசி போக்குதல், நோய்த் தடுப்பு, குடிநீர், கல்வி, தொழிற்பயிற்சி, முதியோர் இல்லம், சுற்றுச்சூழல், விலங்கு நலம், பேரிடர் மேலாண்மை என அது நீள்கிறது. அன்னம், ஔடதம், சாத்திரம், அபயம் என்று நால்வகைத் தானத்தைப் பயின்ற சமூகத்தார்க்கு இப்பட்டியல் புதிதாகத் தோன்றாது. ஆனால் அட்டவணையில் இல்லாத ஒன்று உண்டு; அது சமய வழிபாடு. ஆலயத் திருப்பணிக்கும், விழாவுக்கும், ஊர்வலத்துக்கும் இந்நிதியைக் கேட்பது வீண். ஒரு குறிப்பிட்ட சமயத்தாருக்கோ சாதியாருக்கோ மட்டும் பயன்படும் அமைப்புக்கு 80ஜி சலுகையும் கிட்டாது. வருமானத்தில் 5 விழுக்காடு வரை மட்டுமே சமயச் செலவு பொறுக்கப்படும். சமூக அறநிலையங்கள் பல இவ்விடத்தில்தான் இடறுகின்றன. வழிபாட்டுக்கான கணக்கையும் பொதுத்தொண்டுக்கான கணக்கையும் ஒரே பேரேட்டில் கலந்து எழுதிவிட்டு, பின்னர் எதற்கும் சான்று காட்ட முடியாமல் நிற்கின்றன. பொதுத்தொண்டுக்கெனத் தனி அறக்கட்டளை, தனி வங்கிக் கணக்கு, எல்லாச் சமூகத்தாருக்கும் திறந்த வாயில் என்னும் ஏற்பாடே நேரிய வழி.

விழா மலர்களைப் பற்றியும் ஒரு சொல். மலரில் முழுப்பக்க விளம்பரம் தந்த நிறுவனம் தன் சமூகப் பொறுப்பை நிறைவேற்றிவிட்டதாகச் சிலர் எண்ணுகின்றனர். சட்டம் அவ்வாறு எண்ணவில்லை. தன் பொருளுக்கு விளம்பரப் பயன் கருதிச் செய்யும் ஆதரவும், ஒருநாள் நிகழ்ச்சிக்கான ஆதரவும் சமூகப் பொறுப்புச் செலவில் சேரா. அவை வணிகச் செலவு. ஆகவே விளம்பரம் கேட்கப் போகும்போது விளம்பரத் துறை மேலாளரையும், தொண்டுநிதி கேட்கப் போகும்போது அதற்குரிய குழுவையும் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒரே கடிதத்தில் கேட்டால் இரண்டும் கிடைக்காமல் போவதே பெரும்பாலும் நடக்கிறது.

கேட்கும் காலமும் முக்கியம். நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. நடப்புத் திட்டத்தைச் சேராத தொகை செலவாகாமல் மிஞ்சினால், ஆறு மாதத்துக்குள் அது பிரதமரின் தேசிய நிவாரண நிதி முதலான அட்டவணை நிதிகளுக்குப் போய்விடும். பிப்ரவரியில் பதற்றத்தோடு பணம் கொடுக்கத் தேடும் நிறுவனங்கள் உண்டென்பது உண்மையே. ஆயினும் அவற்றை மட்டும் நம்பியிருப்பது வேளாண்மை தெரிந்தவர் செய்யும் செயலன்று. ஆண்டுத் திட்டம் வகுக்கப்படும் தொடக்க மாதங்களிலேயே விதைத்துவிட வேண்டும். ஓராண்டு உதவியைவிட மூன்றாண்டுத் திட்டம் இருதரப்புக்கும் நல்லது. சட்டமும் தொடர் திட்டங்களுக்கு அத்தகைய கால இடம் தருகிறது.

இதுவரை நிறுவனங்களைப் பற்றி. இனி, 'மார்க்கெட்டிங்' என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிக்கும் பெரியோர்க்காகச் சில செய்திகள். தொண்டு என்ன சந்தைச் சரக்கா என்று அவர்கள் கேட்பது நியாயமே. ஆனால் அச்சொல்லின் உட்பொருள், எதிரே இருப்பவர் யார், அவர் மனத்தில் என்ன இருக்கிறது என்று முதலில் அறிவதுதான். தமிழ்நாட்டில் அதனைக் கற்றுத்தந்தது ஒரு கண் மருத்துவமனை. 1976இல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, ஊர் ஊராக முகாம்கள் நடத்தியது. கண் பரிசோதனை இலவசம், அறுவை சிகிச்சையும் இலவசம். ஆயினும் கண்புரை முற்றியவர்கள் வாராது நின்றனர். 1999இல் வெளியான ஓர் ஆய்வு, முகாம் நடந்த வட்டாரங்களிலேயே கண்குறை உள்ளோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பேரே முகாமுக்கு வந்ததாகக் காட்டியது. ஏன் வரவில்லை? அழைத்துச் செல்ல ஆளில்லை, பேருந்துக்குக் காசில்லை, மங்கலாகத் தெரிந்தாலும் காலம் ஓடுகிறது, கத்தி வைப்பார்களோ என்ற அச்சம். இலவசம் என்ற சொல் இவற்றுள் ஒன்றுக்கும் விடையாகவில்லை.

மருத்துவமனை தன் விளம்பரத்தை உரத்துச் சொல்வதோடு நில்லாமல், ஏற்பாட்டையே மாற்றிக்கொண்டது. பயணமும், உணவும், தங்குமிடமும் சேர்த்துக் கொடுத்தது. ஒரே ஊரினரைக் கூட்டமாக அழைத்துச் சென்று கூட்டமாகத் திருப்பி அனுப்பியது. பக்கத்து வீட்டாள் கூட இருந்தால் அச்சம் பாதியாகிவிடுமல்லவா? 2004 முதல் சிற்றூர்களிலேயே பார்வை மையங்களை வைத்துத் தொலைத்தொடர்பு வழியே மருத்துவரைக் காணச் செய்தது. முகாமின் உள்ளூர்ச் செலவை அரிமா சங்கமோ, சுழற்சங்கமோ, ஆலையோ, வணிகரோ ஏற்றனர். அவர்களிடம் கேட்கப்பட்டது பெருந்தொகையன்று. பந்தல், துண்டறிக்கை, ஒலிபெருக்கி, ஒருவேளை உணவு ஆகியவற்றைத் தம் கையால் செய்யும் வாய்ப்பே கேட்கப்பட்டது. மருத்துவத் திறனை மருத்துவமனையும், ஊரின் நம்பிக்கையை ஊராரும் கொண்டுவந்தனர். கூட்டாண்மை என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டைக் காண்பது அரிது.

கடலோரத்துக்கே உரிய எடுத்துக்காட்டும் ஒன்று உண்டு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரிப் பகுதிச் சிற்றூர்களில் தகவல் மையங்களைத் தொடங்கியபோது, வீராம்பட்டினம் மீனவர் கேட்டது கணினிப் பயிற்சியை அன்று. நாளை அலை எவ்வளவு உயரம் எழும் என்பதையே கேட்டனர். அமெரிக்கக் கடற்படையின் வலைத்தளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்துத் தமிழில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அதிகாலையில் கடலேறுபவன் கணினி முன் வந்து அமரமாட்டான்; ஒலிபெருக்கிக் குரலோ கரையெங்கும் கேட்கும். 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் வந்த ஓர் எச்சரிக்கையை நல்லவாடு ஊரின் மையத்து ஒலிபெருக்கி பரப்பியதால் அவ்வூர் மக்கள் உயிர் தப்பினர். 2007ஐயொட்டி அதே நிறுவனம், டாட்டா டெலிசர்வீசஸ், குவால்காம் ஆகிய வணிக நிறுவனங்களோடும், ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் மையத்தோடும் சேர்ந்து, மீனவர் கைப்பேசிக்கே காற்று, அலை, மீன் கிடைக்கும் இடம் ஆகிய செய்திகளைத் தரும் 'மீனவ நண்பன்' சேவையை உருவாக்கியது. கைப்பேசி நிறுவனம் பணத்தை மட்டும் தரவில்லை. தன் தொழில்நுட்பத்தையும் தந்தது. அரசு மையம் தரவைத் தந்தது. மீனவன் மொழியில் எதை, எப்போது, எவ்வாறு சொல்லவேண்டும் என்பதைத் தொண்டு நிறுவனம் அறிந்திருந்தது. மூவரில் எவர் விலகினாலும் அச்சேவை நடந்திராது. கரையில் நின்ற படகையும் இதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், நிறுவன உதவி எங்கே வேர்பிடிக்கிறது என்பது விளங்கும்.

இவ்வூரில் ஓர் அறநிலையம் ஆண்டு முழுவதும் கண், இரத்த அழுத்தம், சர்க்கரை நோய்ப் பரிசோதனை நடத்த விரும்புகிறது என்று வைத்துக்கொண்டால், அது யாரிடம் எப்படிப் பேச வேண்டும்? ஒரே துண்டறிக்கையை எல்லோருக்கும் அனுப்புவது எளிது, பயன்தான் குறைவு. துறைமுக நிறுவனத்துக்கு எழுதும்போது ஊர்களின் பெயர், மக்கள்தொகை, நோய்த் தடுப்பு என்னும் அட்டவணைத் தலைப்பு, மாதவாரிச் செலவு, அளந்து காட்டக்கூடிய பயன் ஆகியவை வேண்டும். உணர்ச்சி உரை அங்கே பயன்படாது. காரைக்கால் பாரதியார் சாலை வணிகரிடமோ, தன் கடைக்கு வரும் வாடிக்கையாளரின் ஊருக்கு ஒருநாள் முகாமை ஏற்கும்படி கேட்கலாம். அவர் நேரில் வந்து பார்க்கக்கூடிய தொலைவில் அது இருக்கவேண்டும். காளிக்குப்பம், மண்டபத்தூர், அக்கம்பேட்டை மீனவர்களிடம் பேச விரும்புவோர் முதலில் ஊர்ப் பஞ்சாயத்தாரைக் கண்டு, அவர்கள் குறிக்கும் நாளில்தான் முகாம் வைக்கவேண்டும். கடல் வேலை இருக்கும் நாளில் வைத்த முகாமுக்கு முதியோரும் குழந்தைகளும் மட்டுமே வருவர். இல்லத்தரசியரிடம் ஆயிரம் ரூபாய் கேட்பதைவிட, தமிழ்நாட்டில் நெடுங்காலம் வழங்கிய பிடியரிசி முறையை நினைவூட்டுவது மேல். நாளொன்றுக்கு ஒரு கைப்பிடி என்றால் எந்த வீடும் மறுப்பதில்லை. மாத முடிவில் அதுவே மூட்டையாகும்.

சம்பளக்காரரிடம் வரிவிலக்கைக் காட்டிக் கேட்கும் பழக்கம் இப்போது மாறவேண்டியுள்ளது. 2023-24 முதல் தானாகப் பொருந்தும் புதிய வருமானவரி முறையில் தனிநபருக்கு 80ஜி கழிவு இல்லை. அம்முறையில் இருப்பவரிடம் வரிச்சலுகை பற்றிப் பேசினால், கேட்பவருக்குச் செய்தி தெரியாது என்பதே அவர் மனத்தில் பதியும். பழைய முறையில் நீடிப்பவருக்கு அச்சலுகை உண்டு. ஆனால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் அவருக்கும் கழிவு கிடையாது. கொடையாளர் விவரங்களை ஆண்டுதோறும் மே 31-க்குள் 10பிடி படிவத்தில் தாக்கல் செய்து, 10பிஇ சான்றைத் தரவேண்டிய கடமை அமைப்புக்கு உண்டு. சான்று தாமதமானால் மறுஆண்டு கொடையும் தாமதமாகும்.

காரைக்காலுக்கு மட்டும் உரிய மற்றொரு செய்தி, பிரான்சில் வாழும் உறவினர் பற்றியது. 1954இல் ஆட்சி கைமாறி, 1962இல் ஒப்பந்தம் நிறைவேறியபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் இங்கே பல. திருவிழாக் காலத்தில் பாரிசிலிருந்து வரும் பெரியப்பாவோ சித்தப்பாவோ அன்போடு ஒரு தொகையை அறநிலையத்துக்குக் கொடுப்பது வழக்கம். அவர் பேசுவது காரைக்கால் தமிழாயினும், பிறந்தது கோட்டுச்சேரியாயினும், கையில் இருப்பது பிரெஞ்சுக் கடவுச்சீட்டு. 2010ஆம் ஆண்டு அயல்நாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி அத்தொகை அயல்நாட்டுப் பங்களிப்பே. ரூபாயில் கொடுத்தாலும் அவ்வாறே. அதற்குரிய பதிவும், புதுதில்லி பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கும் இல்லாத அமைப்பு அதை வாங்கவே கூடாது. சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இந்தியக் கடவுச்சீட்டோடு பணிபுரிபவர் தம் சேமிப்பிலிருந்து தருவதற்கு இத்தடை இல்லை. அன்பளிப்பை மறுக்கும்போது உறவு கசக்கும் என்று அஞ்சிப் பொருளாளர்கள் கண்ணை மூடிக்கொள்வது நடக்கிறது. ஒரு சிறு தொகைக்காக முப்பதாண்டுப் பணியை இடரில் நிறுத்துவது அறிவுடைமையன்று. பெரியவரிடம் பணிவோடு சட்டத்தைச் சொன்னால் அவர் புரிந்துகொள்வார். பணத்துக்கு மாற்றாக முகாமுக்கு வந்து ஒருநாள் உடனிருந்தாலும் ஊருக்கு மகிழ்ச்சியே.

பெயர் பொறிப்பதைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் உரை முழுமை பெறாது. 1885இல் நியூயார்க் சுதந்திர தேவி சிலைக்குப் பீடம் கட்டப் பணம் போதாமல் நின்றபோது, செல்வர்கள் ஒதுங்கினர். ஜோசப் புலிட்சர் தம் நாளிதழில், எவ்வளவு சிறிய தொகை தந்தாலும் பெயரை அச்சிடுவதாக அறிவித்தார். ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கொடுத்தனர். பெரும்பாலோர் தந்தது ஒரு டாலருக்கும் குறைவு. திரண்டதோ ஒரு இலட்சம் டாலருக்கு மேல். அதே சிலையைப் புதுப்பிக்க 1983இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம், தன் அட்டையைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு சென்ட் தருவதாக அறிவித்து ஏறத்தாழ 17 இலட்சம் டாலர் திரட்டியது. நிறுவனத்தின் அட்டைப் பயன்பாடும் அதனால் கூடிற்று. இரண்டும் வெற்றிதான். முன்னதில் மக்கள் ஒவ்வொருவரும் சிலைக்கு உரியவராயினர். பின்னதில் வாடிக்கையாளராகவே நின்றனர். சிற்றூர் அறநிலையத்துக்கு முதல் வழியே ஏற்றது. வெள்ளறை நிகமத்தின் பக்கத்தில் உப்பு வணிகனின் பெயரும் இருக்கலாம். கல்லில் இடம் உண்டு.

பெயர் போடலாம், ஆனால் எதன்மேல்? கட்டடத்தின் மேல், கருவியின் மேல், ஆண்டறிக்கையில் போடலாம். பயனாளியின் முகத்தின் மேல் போடலாகாது. சர்க்கரை நோயால் விரல் இழந்தவரை மேடையேற்றி, நிறுவன அதிகாரி சக்கர நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி நிற்கும் படம் ஒப்பந்தத்தில் நிபந்தனையாக வந்தால், அந்நிபந்தனையை நீக்கும்படி கேட்கும் துணிவு அறங்காவலர்க்கு இருக்கவேண்டும். பயனாளியின் இசைவைத் தமிழில், அவருக்குப் புரியும்படி கேட்டுப் பெற்ற பிறகே படம் எடுப்பது என்ற விதியை அறக்கட்டளைக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதி வைத்துவிட்டால், பிற்பாடு வாதிட வேண்டியிராது. நல்ல நிறுவனங்கள் இதைக் குறையாகக் கொள்வதில்லை.

அவ்வாறே, கூட்டுச் சேரும் நிறுவனம் எது என்பதையும் ஆராய வேண்டும். மது, புகையிலை, இறைச்சித் தொழில் ஆகியவற்றின் நிதியை ஏற்பதா என்பதைச் சமண அறநிலையங்கள் பெரும்பாலும் முன்பே முடிவுசெய்துள்ளன. ஆனால் ஒரு தொழிற்சாலையின் கழிவு பற்றி மீனவர் முறையிட்டுக்கொண்டிருக்கும் வேளையில், அதே தொழிற்சாலையின் நிதியால் அம்மீனவர்க்கு முகாம் நடத்துவதா என்ற கேள்விக்கு எழுதிவைத்த விடை எந்த அமைப்பிடமும் இருப்பதாகத் தெரியவில்லை. வாங்கினால் வாய் அடைபடுமோ என்ற ஐயம் ஊராருக்கு எழும். வாங்காவிட்டால் நோயாளிக்கு மருந்து இல்லை. இதற்குப் பொதுவிதி சொல்வது அரிது. நிதியை ஏற்பதற்கு முன்பே பயனாளிகளின் ஊர்ப் பஞ்சாயத்தில் அச்செய்தியை வெளிப்படையாக வைத்து, அவர்கள் ஒப்பினால் ஏற்பது, ஒப்பாவிட்டால் விடுவது என்பதே இக்கரையில் நடைமுறைக்கு ஒத்த வழியாகத் தோன்றுகிறது. அவ்வொப்புதல் கூட்டக் குறிப்பேட்டில் கையொப்பத்தோடு இருக்கவேண்டும். வரவு செலவுக் கணக்கும் பயன்பாட்டுச் சான்றும் இருக்கும் அதே கோப்பில் அதுவும் இருக்கட்டும். அடுத்த ஆண்டு நிதிக்கு விண்ணப்பிக்கும்போது முதலில் இணைக்க வேண்டிய தாளும் அதுதான்.